பெரிய டிரம்மின் வார்

போன மாதப் பயிற்சி முகாமில் உங்களில் ஒருவர் எழுந்து, "பள்ளி பேண்டுக்கென்று ஒரு வரவேற்பு முழக்கம் எழுதப் போகிறேன் சார், இயற்கையிலிருந்து எடுத்து எழுதலாமா? உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று மேடையை விட்டு இறங்கிப் போனேன். திரும்பி வரவில்லை. தாகமெல்லாம் ஒன்றும் இல்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதித் தருகிறேன். பள்ளி வாத்தியக் குழுக்களைப் பழக்க வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டும். படித்த பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வாழ்நாளில் நானே எழுதிய முழக்கம் ஒன்றுதான். அது எந்தச் சபையிலும் வாசிக்கப்படவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நான் செஞ்சியில் இருந்தேன். சென்னையில் குண்டு விழும் என்று பாதி ஊர் மூட்டை கட்டியபோது நானும் கட்டியவன். நாடகக் கொட்டகையில் கார்னெட் ஊதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையை மூடிவிட்டார்கள். கார்னெட் என்றால் எக்காள வகையில் சின்னது, உங்களுக்குத் தெரியும். செஞ்சியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் பேண்டு மாஸ்டர் தேடுகிறது என்று யாரோ சொன்னார்கள், போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமை ஆசிரியர் ஒரு பாதிரியார். ஊரில் எல்லோரையும் போல நானும் அவரைச் 'சாமி' என்றே கூப்பிட்டேன்.

சாமி ஓர் அறையைத் திறந்து காட்டினார். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த வாத்தியங்கள். நான்கு கார்னெட், கிளாரினெட்டுகள், இரண்டு வயலின், ஒரு யூஃபோனியம், ஒரு சின்ன டிரம், இரண்டு கை விரித்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு பெரிய டிரம். பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. சென்னையில்கூட இப்படி ஒரு செட்டை நான் தொட்டதில்லை. "ஒண்ணு ஒடைஞ்சாலும் மறுபடி வராது மாஸ்டர், கப்பலே வர்றதில்ல" என்றார் சாமி.

இரண்டாவது வாரமே ஒரு பையன் கிளாரினெட்டைக் கை நழுவ விட்டான். அடிப்பாகம் பிளந்துபோயிற்று. எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன்: "விழுந்தா நீ விழு. வாத்தியம் கீழ விழக் கூடாது." சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் தினமும் காலையில் ஞானோபதேசக் கேள்வி பதில்களை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஒவ்வொரு வகுப்பின் ஆரம்பத்திலும் "எது விழலாம்?" என்று நான் கேட்பேன். "நான் விழலாம்" என்பார்கள். "எது விழக் கூடாது?" "வாத்தியம் விழக் கூடாது." பதினாறு பையன்களும் அதே உபதேச ராகத்தில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தது. சாமிகூட ஒருநாள் வாசலில் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

பெரிய டிரம்முக்கு உயரமான பையன் வேண்டியிருந்தது. சின்னப்பன் என்று ஒருவன் கிடைத்தான். பதினைந்து வயது. சிங்கவரம் போகிற பாதையில் அவன் அப்பாவுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. நல்ல பையன், ஆனால் தாளத்தில் எப்போதும் அரை அடி பின்னால் வருவான். "உன் டிரம் இன்னிக்கி வருமா, நாளைக்கி வருமா?" என்பேன். "வந்துனே இருக்குது மாஸ்டர்" என்பான். ஊர்வலப் பயிற்சியில் கால் வலித்தால் போதும், வாரைக் கழற்றி டிரம்மைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவான். மூன்று தடவை திட்டினேன். நான்காவது தடவை திட்டவில்லை, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வாரின் கொக்கியை முதுகுப் பக்கம் மாற்றித் தைத்து வாங்கினேன். அதன் பிறகு இன்னொருவன் பின்னால் நின்று மாட்டிவிட வேண்டும், இன்னொருவன்தான் கழற்றிவிட வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஊருக்கு வெளியே, சிங்கவரம் பாதையில் புது நிலம் கிடைத்தது. தை மாதக் கடைசியில் அடிக்கல் நாட்டு விழா. ஆயரும் கலெக்டரும் வருகிறார்கள். சாமி என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், இதுக்கு வெளிநாட்டு மார்ச்செல்லாம் வேணாம். இந்த ஊர் காத்து, ஏரி, மலை, எதையாவது வச்சு நீங்களே ஒண்ணு எழுதுங்க" என்றார்.

எழுதிப் பார்த்தேன். மயில் அகவுவதைக் கிளாரினெட்டில் கொண்டுவந்தேன். கேட்டுவிட்டு, "பூனைக்கு என்ன ஆச்சு?" என்றார் சாமி. ஏரித் தண்ணீர் அலை அடிப்பதை வயலினில் எழுதினேன். பையன்களின் கையில் அது கதவு கிறீச்சிடுவதாக வந்தது. விட்டுவிடலாம் என்றிருந்தபோது, ஐப்பசி மழைக்கு ஒருநாள் அந்தப் புது நிலத்தில் ஒரு கூரைக்கடியில் ஒதுங்கி நின்றேன். எதிரே ஒரு பாறை. செஞ்சியில் பாறைக்கா பஞ்சம், ஆனால் இது செங்குத்தாக, ஒரே முகமாக, பனைமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு நிறுத்தினால் எட்டும் உயரத்தில் நின்றது. இடி இடித்தது. பாறை அந்த இடியை அப்படியே திருப்பி அனுப்பியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று.

மறுநாளே கார்னெட்டோடு போனேன். பாறையிலிருந்து தள்ளித் தள்ளி நின்று ஊதினேன். நூற்றெண்பது அடி எடுத்து வைத்த இடத்தில், நான் ஊதி நிறுத்தி இரண்டு தட்டு எண்ணியதும் பாறை பதில் சொன்னது. அன்றே எழுத உட்கார்ந்தேன். முதலில் பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி. இரண்டு தட்டு மௌனம். அந்த மௌனத்தில் பாறையின் பதில். பிறகு கார்னெட்டுகள் மூன்று சுரம் ஏறி நிற்கும். மறுபடி மௌனம், மறுபடி பதில். கடைசியில் பதினாறு பேரும் பாறையும் சேர்ந்து ஒன்றாக. பள்ளிக்கூடம் ஒரு கேள்வி கேட்கிறது, மலை பதில் சொல்கிறது என்று சாமிக்கு விளக்கினேன். அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான், சொல்வதற்கென்ன.

நான் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாறையின் உச்சியில், வெளியே துருத்திக்கொண்டிருந்த விளிம்புக்கு அடியில், மார்கழியில் மலைத்தேனீக்கள் வந்து கூடு கட்டின. முறம் முறமாகக் கறுப்பாக ஏழெட்டு அடைகள் தொங்கின. விசாரித்தேன். தேன் எடுக்கும் இருளர் ஒருவரை அழைத்துவந்து காட்டினார்கள். பேண்டு வாசித்தால் தேனீ கலையுமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "சத்தத்துக்கு ஒண்ணும் பண்ணாது அய்யா. இடி இடிக்கிது, அதுக்கு ஓடுதா? பொகைதான் ஆவாது. கீள நின்னு ஒரு பீடி புடிச்சாகூட ஆவாது. பாறையோட பொகை நேரா மேலதான் ஏறும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதரால் சொல்ல முடியாது. நானும் கேட்டுக்கொண்டேன். மூன்று வாரம் அங்கே ஒத்திகை நடந்தது. டிரம் அதிர்ந்தது, கார்னெட் அலறியது, ஒரு தேனீகூட இறங்கவில்லை. சின்னப்பனின் அரை அடித் தாமதமும் சரியாகிவிட்டது. அடித்துவிட்டுப் பாறையின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டுமே, அது அவனுக்குப் பிடித்துவிட்டது. பதில் வரும்போதெல்லாம், யாரோ கூப்பிட்டதுபோல் பாறையைத் திரும்பிப் பார்ப்பான். "முன்னால பாருடா" என்று நான் கத்துவேன். அடுத்த தடவையும் திரும்பிப் பார்ப்பான்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் கடைசி ஒத்திகை. அன்று பனி கொட்டியிருந்தது. புல்லெல்லாம் ஈரம். விழாப் பந்தலுக்கான தார்ப்பாய்கள் சுருட்டிச் சுருட்டி ஓரமாகக் கிடந்தன, அவையும் ஈரம். சாமியும், விழாவுக்கு ஏற்பாடு செய்ய முன்கூட்டியே வந்திருந்த இரண்டு பெரிய மனிதர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். சின்னப்பன் அடித்தான்.

தொம் என்று நனைந்த தலையணையில் அடித்த சத்தம் வந்தது. இரண்டு தட்டு எண்ணினேன். பாறை பேசவில்லை.

டிரம்மின் தோல் பனியில் தளர்ந்துவிட்டது. கயிறுகளை இழுத்துக் கட்டினோம். மறுபடி தொம். நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் சாமியிடம் ஏதோ சொல்ல, சாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கொட்டகையில் நான் இருபது வருஷம் ஊதியதெல்லாம் பிறர் எழுதியது. இது ஒன்றுதான் என்னுடையது.

தோல் தளர்ந்தால் என்ன செய்வோம்? நெருப்புக் காட்டுவோம். பறையானாலும் பம்பையானாலும் இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம், பேண்டுக்காரர்களும் அதையே செய்வோம். வைக்கோலோ சருகோ கொளுத்தி இரண்டு முகத்தையும் காட்டினால் தோல் விண்ணென்று நிற்கும். ஆனால் திறந்த வெளியில் எல்லாம் நனைந்து கிடந்தது. காய்ந்த சருகு இருந்தது ஒரே இடத்தில், பாறையின் அடியில். மேலே விளிம்பு துருத்திக்கொண்டிருந்ததால் அங்கே பனி இறங்கவில்லை.

தேன்காரர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். சாமியிடம் சொன்னேன், போலீஸ்காரரிடம் சொன்னேன், பல வருஷம் என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். நான் மறக்கவில்லை. நடந்து போகும்போது அவர் முகம் ஞாபகத்தில் இருந்தது. ஒரு கைப்பிடிச் சருகுதானே, இரண்டு நிமிஷம்தானே, காற்று வேறு பக்கம்தானே அடிக்கிறது என்று எண்ணிக்கொண்டேதான் போனேன். இதை முதல்முறையாக உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

சின்னப்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். கொக்கி பின்னால் இருப்பதால் கழற்றி மாட்ட நேரமாகும் என்று டிரம்மோடேயே நிற்கச் சொன்னேன். சருகைக் கூட்டித் தீக்குச்சி கிழித்தவனும் நான்தான். பற்றிக்கொண்டதும், "ரெண்டு பக்கமும் காட்டிட்டு வாடா, சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பையன்களை வரிசையில் நிறுத்தத் திரும்பி நடந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது அவன் டிரம்மை ஒருதடவை தட்டிப் பார்த்தான். கணீரென்று வந்தது. "ஆய்ட்ச்சி மாஸ்டர்!" என்று அங்கிருந்தே கத்தினான். அவன் கத்தியதையும் பாறை திருப்பிச் சொன்னது. அதைக் கேட்க அவன் அண்ணாந்து பார்த்தான்.

மேலே கறுப்பாக இருந்த ஓர் அடை அசைந்து, கழன்று, கீழே கொட்டியது.

அடுத்த சில நிமிஷங்களில் நான் செய்ததையும் செய்யாததையும் மட்டும் எழுதுகிறேன். தார்ப்பாயைப் பிரித்துப் பையன்களை அதற்கடியில் தள்ளினேன். பதினைந்து பேர். ஒரு பக்கம் சாமி படுத்து ஓரத்தை அழுத்திக்கொண்டார், மறுபக்கம் நான். சின்னப்பன் எங்களை நோக்கி ஓடி வந்தான். ஓடினான் என்றா சொல்வது? அவ்வளவு பெரிய டிரம் நெஞ்சுக்கு முன்னால், ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால் அதில் முட்டியது. முட்டும்போதெல்லாம் டிரம் முழங்கியது, பாறையும் முழங்கியது. நான் "ஓடு! ஓடு!" என்று கத்தினேன். தார்ப்பாயின் ஓரத்தை அவனுக்காகத் தூக்கினேன். தேனீக்கள் உள்ளே புகுந்தன, சின்னப் பையன்கள் இருவர் அலறினார்கள். மறுபடி இறக்கிவிட்டேன்.

"போடு" என்று நான் கத்தவில்லை. "டிரம்மை அறுத்துப் போடுடா" என்று கத்தவில்லை. ஒரு வருஷமாக அந்தப் பையன்களிடம் ஒருமுறையாவது "கீழே போடு" என்று சொல்லியிருந்தால் அன்று அந்த வார்த்தை வாயில் வந்திருக்கும். எனக்கு வந்ததெல்லாம் "ஓடு" மட்டும்தான். அதையும் பாறை ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டு கழித்து அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

எங்களிடமிருந்து நாற்பது அடி தூரத்தில் அவன் விழுந்தான். டிரம் மேலே, அவன் அடியில். பக்கத்துக் கடலைக் கொல்லையிலிருந்து ஓர் ஆள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓடி வந்தார். அவனைப் புரட்டி, அரிவாளால் வாரை அறுத்து, கம்பளிக்குள் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அது அவன் அப்பா என்று எனக்கு அப்போது தெரியாது.

கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய மருந்தகத்தில் கொடுக்கை எடுத்தார்கள். எடுத்து முடியவில்லை. திண்டிவனம் கொண்டுபோகச் சொன்னார்கள். அப்போதெல்லாம் பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியடுப்பில் ஓடின. எங்கள் பஸ் ஒவ்வொரு மேட்டிலும் நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறுவார். அந்தப் புகை உள்ளே வரும்போதெல்லாம் சின்னப்பன் கைகளை உதறினான். வல்லம் தாண்டியதும் உதறுவது நின்றது. நான் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். என் முகமும் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணால் பார்த்தேன்.

விழா தள்ளிப்போடப்பட்டது. பிறகு பேண்டு இல்லாமல் நடந்தது. "பதினஞ்சு பேரக் காப்பாத்துனீங்க மாஸ்டர்" என்று சாமி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மனிதர். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

நான்காம் நாள், அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, முற்பகலில் வாத்திய அறையில் தனியாக இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. சின்னப்பனின் அப்பா, டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். முகமும் கழுத்தும் அவருக்கும் வீங்கித்தான் இருந்தன. நான் எழுந்து நிற்பதற்குள் அவரே இறக்கி வைத்தார். மெதுவாக, சத்தமே வராமல் வைத்தார்.

"டிரம்மு அங்கியே கெடந்துச்சி மாஸ்டரே. மண்ணு பட்டிருந்துச்சி, தொடச்சிட்டேன். தோலு கிளியல."

"உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "கீள போடக் கூடாதுன்னு ஊட்ல சொல்லிக்கினே இருப்பான். உபதேசமாட்டம் பாடுவான். அவன் தங்கச்சியும் பாடும். கீள வெக்கவே இல்ல பாத்துக்கங்க."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. "அவனால வைக்க முடியாதுங்க. கொக்கி முதுகுப் பக்கம் இருந்துச்சு. அவன் கழட்டக் கூடாதுன்னு நான்தான் மாத்தித் தைச்சேன்" என்றேன். நெருப்பு வைத்ததையும் சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "தெரியும் மாஸ்டரே. வார அறுத்தவன் நான்தானே" என்றார்.

பிறகு டிரம்மைத் தொட்டுக் காட்டி, "ஒரு தபா அடிங்க" என்றார். நான் கோலை எடுத்து ஓர் அடி அடித்தேன். நல்ல நாதம். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மலை பதில் சொல்லும்னானே?"

"இங்க சொல்லாதுங்க. அங்க போனாதான்."

"ம்" என்றார். "நல்லா அடிச்சானா?"

"நல்லா அடிச்சான்" என்றேன். அது பொய்யில்லை. கடைசி மூன்று வாரம் அவன் ஓர் அடிகூடத் தவறவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அவர் குனிந்து டிரம்மைத் திருப்பினார். அப்போதுதான் பார்த்தேன். அறுந்த தோல் வாரை எடுத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டியிருந்தார். புளிச்சைச் செடியின் நாரில் திரித்த கயிறு, தோளை அறுக்காமல் இருக்கத் துணி சுற்றியிருந்தது. முடிச்சு நெஞ்சுப் பக்கம் இருந்தது. ஒரு நுனி மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இத்த இளுங்க" என்றார்.

இழுத்தேன். ஒரே இழுப்பில் முடிச்சு முழுவதும் அவிழ்ந்து கயிறு கீழே விழுந்தது.

"கெணத்துக் கவலையில மாடு கட்டுற முடிச்சி. தண்ணி எறைக்கிறப்ப மாடு சறுக்கிச்சின்னா ரொம்பின சால் மாட்டையும் சேத்துக் கெணத்துல இளுத்துடும். அதுக்கோசரம் இளுத்தா வுட்டுக்குற மாதிரிதான் கட்டுவோம்." விழுந்து கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்தார். "மாட்டயே அப்பிடித்தான் கட்டுவோம் மாஸ்டரே."

குரலை உயர்த்தவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முடிச்சை எனக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினார், நான் சரியாகப் போடும்வரை காத்திருந்தார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். நெருப்பு வைத்தது நான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று, இனிச் சொல்ல ஆள் இல்லை.

அந்த முழக்கத்தின் இசைத் தாள் என்னிடம் இருக்கிறது. கேட்காதீர்கள், தர மாட்டேன். இயற்கையிலிருந்து எழுதலாமா என்று கேட்டவருக்கு என் பதில்: எழுதுங்கள். பாறையைப் பற்றி, காற்றைப் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் அந்த இடத்தில் பிழைக்கிறவர் ஒன்றைச் சொன்னால், உங்கள் முழக்கம் கெட்டுப்போனாலும் சரி, அதைக் கேளுங்கள். டிரம் ஊமையாக இருந்தால் அன்றைக்கு ஊமையாகவே வாசியுங்கள். பெரிய மனிதர்கள் கடிகாரத்தைப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். மானம் போனால் நாலு நாளில் ஆறிப்போகும்.

செஞ்சிக்குப் பிறகு நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் பையன்களை வாத்தியத்தைக் கீழே போடச் சொல்லியிருக்கிறேன். மெத்தை விரித்து, அதன் மேல்தான். "போடு" என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் யோசிக்காமல் போட வேண்டும். தலைமை ஆசிரியர்கள் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். உங்களிலும் சிலர் முகாமில் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்தது பரவாயில்லை, ஆனால் அந்த வார்த்தையை நாக்கில் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சையும் கற்றுக்கொள்ளுங்கள். யார் வந்து கேட்டாலும் போட்டுக் காட்டுகிறேன், கை இன்னும் நடுங்கவில்லை. இழுக்கிற நுனி பையனின் இடது கைப் பக்கம் வர வேண்டும். வலது கையில் கோல் இருக்கும்.